பெயரில்லாத படங்கள்: ஆரணியும் ஜவ்வாது மலையும்

நெசவு வரலாறு படித்தவர்களுக்கு ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன் தெரிந்த பெயர்தான். லண்டனில் இந்தியா மியூசியத்தின் பொறுப்பில் இருந்தவர். 1866இல் அவர் இந்தியத் துணிகளின் மாதிரிகளை 18 தொகுதிகளாக வெளியிட்டார். அவை அச்சுப் படங்கள் அல்ல, நிஜத் துணிகள். 700 துண்டுகளை வெட்டித் தாளில் ஒட்டி, எந்த ஊர்ச் சரக்கு, நீளம் எவ்வளவு, எடை எவ்வளவு, விலை என்ன என்று பக்கத்தில் எழுதி வைத்தார்கள். இப்படி 20 பிரதிகள் தயாராயின. அவற்றில் 13 பிரிட்டனில் தங்கின, 7 இந்தியாவுக்கு வந்தன. இங்கே எது விலைபோகிறது என்று பார்த்து, அதேபோல் ஆலையில் ஓட்டி இங்கேயே விற்பதற்கு வசதியாக மான்செஸ்டர்காரர்களுக்குக் கொடுத்த கையேடு அது.

இரண்டே வருடத்தில் அதே வாட்சன், ஜான் வில்லியம் கேயுடன் சேர்ந்து இன்னொரு தொகுப்பைத் தொடங்கினார். இந்திய மக்களைப் பற்றிய அந்தத் தொகுப்பு 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வந்தது. நானூற்றுக்கும் மேற்பட்ட புகைப்படங்கள் அதில் உண்டு. இம்முறை துணிக்குப் பதில் ஆட்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அதே அலுவலகம், அதே ஒட்டும் வேலை. இன்ன சாதி, இன்ன இடம், குணம் இப்படி என்று அடியில் ஒரு குறிப்பு. துணி மாதிரியில் நெய்தவர் பெயர் இருக்காது, ஆள் மாதிரியில் பெரும்பாலும் ஆளின் பெயரே இருக்காது.

ஆரணியிலிருந்து இதை யோசிக்கும்போது இரண்டு தொகுப்பும் ஒரே இடத்தில் வந்து முட்டுகின்றன. பட்டுக்கு முன்பு ஆரணி மஸ்லினுக்குப் பேர்போன ஊர். இன்று ஒண்ணுபுரம், தேவிகாபுரம், முள்ளிப்பட்டு என்று சுற்றுவட்டாரம் முழுக்கப் பட்டுத் தறி ஓடுகிறது. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஆனாலும் இங்கே நெய்த புடவை காஞ்சிபுரத்துக் கடையில் காஞ்சிப் பட்டாகவே விற்கிறது என்பது ஊரறிந்த மனக்குறை. ஊரைத் தொட்டு ஓடும் கமண்டல நாகநதி பிறப்பது ஜவ்வாது மலையில். அந்த மலையில் மலையாளிப் பழங்குடியினர் வாழ்கிறார்கள். கீழே ஏரிக்கரையிலும் ஊர்க்கோடியிலும் இருளர் குடிசைகள். வாட்சன் வகைபிரித்த துணி, ஆள் ஆகிய இரண்டின் வாரிசுகளும் ஒரே ஆற்றுப் படுகையில் இருக்கிறார்கள்.

தமிழ்நாட்டுப் பழங்குடிகளின் படங்களில் ஒரு விசித்திரமான கோணல் உண்டு. 2011 கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் பழங்குடியினர் சுமார் 7.95 லட்சம். அதில் மலையாளிகள் ஏறத்தாழ 3.58 லட்சம், இருளர்கள் ஏறத்தாழ 1.89 லட்சம். இரண்டையும் கூட்டினால் மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல். தொதவர் சுமார் 2,000 பேர்தான். ஆனால் 'தமிழகப் பழங்குடி' என்றவுடன் நம் கண்முன் வருவது யார்? பூவேலை செய்த போர்வையைப் போர்த்திக்கொண்டு, வளைந்த கூரையுள்ள கோயிலின் முன் நிற்கும் தொதவர்தான். 1860களில் சாமுவேல் போர்ன் தொதவரைப் படம்பிடித்தார். நீலகிரியின் முதல் கமிஷனரான பிரீக்ஸ் எழுதிய புத்தகம் அவர் இறந்தபின் 1873இல் புகைப்படங்களோடு வந்தது. ஊட்டியில் ஸ்டுடியோ நடத்திய பென் தொதவரைப் படமெடுத்து அச்சுகளை விற்றார். 1906இல் மானிடவியலாளர் ரிவர்ஸ் தொதவரைப் பற்றித் தனிப் புத்தகமே போட்டார்.

காரணம் சிக்கலானதல்ல. சென்னை அரசாங்கம் கோடையில் ஊட்டிக்குப் போனது, கேமராவும் கூடவே போனது. அதைவிட முக்கியமான இன்னொரு காரணம், தொதவர் பார்த்த மாத்திரத்தில் 'வேறு மாதிரி' தெரிந்தார்கள். ஜவ்வாது மலை மலையாளி தமிழ் பேசுகிறார், வேட்டி கட்டுகிறார், ஏர் உழுது சாமை விதைக்கிறார். போளூர் சந்தையில் அவரைக் கூட்டத்திலிருந்து பிரித்துக் காட்ட முடியாது. கேமராவுக்கு வித்தியாசம்தான் தீனி. அது கிடைக்காத இடத்தில் கேமரா நிற்பதில்லை.

எட்கர் தர்ஸ்டன் அப்படி விட்டுவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த அவர், ரங்காச்சாரியின் துணையுடன் 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் மலையாளியும் உண்டு, இருளரும் உண்டு. தலையின் அகலத்தையும் மூக்கின் நீளத்தையும் அளந்தவர் அவர். படங்களின் கீழே பெரும்பாலும் குழுவின் பெயர் மட்டும் இருக்கிறது. ஆனால் அதே புத்தகத்தில், எந்தப் படத்தாலும் காட்ட முடியாத ஒரு விஷயமும் இருக்கிறது. ஜவ்வாது மலைக்காரர்களின் பூர்வகதை அது. வட ஆற்காடு மாவட்டக் கையேட்டுக்காக ஸ்டூவர்ட் திரட்டியதைத் தர்ஸ்டன் எடுத்துக் கொடுக்கிறார்.

கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்கிறார்கள். இவர்கள் இளக்காரமாக மறுக்கிறார்கள். கோபம்கொண்ட வேடர்கள் ஏழு பெண்களைத் தூக்கிப் போய்விடுகிறார்கள். மீட்டுவர ஏழு ஆண்கள் ஏழு நாய்களோடு கிளம்புகிறார்கள். நாய்கள் மட்டும் திரும்பி வந்தால் நாங்கள் செத்துவிட்டோம் என்று காரியம் செய்துவிடுங்கள் என்று மனைவிமாரிடம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். பாலாற்றில் வெள்ளம். ஆட்கள் தட்டுத்தடுமாறி அக்கரை சேர்கிறார்கள், நாய்கள் பாதியாற்றில் திரும்பி ஊருக்கு வந்துவிடுகின்றன. போனவர்கள் வேடர்களைக் கொன்றுவிட்டு வீடு திரும்பினால், மனைவிமார் தாலியறுத்து, கருமாதியும் முடிந்திருக்கிறது. செத்தவர்களாகிப்போனவர்களை ஊர் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர்கள் வேடர் பெண்களையே மணந்து ஜவ்வாது மலையேறினார்கள், அவர்கள் வழிவந்தவர்களே மலையாளிகள் என்று கதை முடிகிறது.

இந்தக் கதையை நான் வரலாறாக எடுத்துக்கொள்ளவில்லை. மேல்சாதித் தொடர்பைக் கோரும் பூர்வகதைகள் தமிழகத்தில் பல சமூகங்களிடமும் உண்டு. ஆனால் தங்கள் மரபு என்று அவர்கள் எதைச் சொல்லிக்கொண்டார்கள் என்பதற்கு இது சாட்சி. ஆதிகாலம் தொட்டு மலையிலேயே இருந்தோம் என்று அவர்கள் சொல்லவில்லை. காஞ்சியிலிருந்து வந்தோம், உயிரோடிருக்கும்போதே எங்களுக்குக் கருமாதி செய்துவிட்டார்கள், அதனால் மலையேறினோம் என்கிறார்கள். பழங்குடி என்றால் காட்டோடு பிறந்து காட்டோடு நின்றவர் என்று எதிர்பார்க்கும் கேமரா இந்த மரபை எப்படிப் படம்பிடிக்கும்?

அந்த எதிர்பார்ப்பு கேமராவுக்கு மட்டும் உரியதல்ல, அரசாங்கத்துக்கும் உண்டு. அரசின் பழங்குடியினர் பட்டியலில் மலையாளிகளின் பெயர் பழைய மாவட்ட எல்லைகளை வைத்து எழுதப்பட்டிருக்கிறது: தர்மபுரி, வட ஆற்காடு, சேலம் என்று. ஈரோட்டு மலைகளில் வாழும் மலையாளிகள் அந்தக் கோட்டுக்கு வெளியே நின்றுவிட்டார்கள். சாதிச் சான்றிதழின் உண்மையைச் சரிபார்க்க, 1994இல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறை, குலதெய்வம், சடங்கு, கல்யாண முறை, சாவுச் சடங்கு, அடக்கம் செய்யும் விதம் ஆகியவற்றை விசாரிக்கச் சொன்னது. இந்தப் பண்பாட்டுச் சோதனை ஒன்றையே உரைகல்லாகக் கொள்ளக்கூடாது என்று அதே நீதிமன்றம் 2011இலும் 2023இலும் விளக்க வேண்டியிருந்தது. ஆக, ஓர் இருளர் வீட்டுப் பிள்ளை பள்ளியிலிருந்து கல்லூரிக்குப் போகச் சான்றிதழ் கேட்கும்போது, மரபு என்பது நினைவாக இருப்பதில்லை, ஒப்பிக்கவேண்டிய பாடமாகிவிடுகிறது. ஆவணப் புகைப்படம் இந்த இடத்தில் வெறும் கலை அல்ல. கன்னிமார் பூசையின் படம் ஒரு குடும்பத்துக்குச் சாட்சியாகவும் உதவலாம், 'இவர்கள் இப்படித்தான் இருக்கவேண்டும்' என்ற அச்சாகவும் மாறலாம்.

மாசி மகத்தை ஒட்டி மாமல்லபுரம் கடற்கரைக்குப் போனவர்களுக்கு நான் சொல்வது புரியும். திருவண்ணாமலை, வேலூர், விழுப்புரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் என்று வட மாவட்டங்களிலிருந்து இருளர்கள் முந்தின நாளே வந்து மணலில் தங்குகிறார்கள். கழி நட்டு, புடவையைச் சுற்றிக் கட்டினால் அதுவே அன்றைய வீடு. விடியற்காலையில் ஈரமணலைக் குவித்து ஏழு படி கட்டி, மஞ்சள் குங்குமம் வைத்து, பூவும் தேங்காயும் படைத்துக் கன்னியம்மனைக் கும்பிடுகிறார்கள். சாமி வந்தவர் குறி சொல்கிறார். அங்கேயே கல்யாணம் பேசி முடிக்கிறார்கள், அங்கேயே தாலியும் கட்டுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் அலை வந்து படிகளைக் கரைத்துக்கொண்டு போய்விடும். அடுத்த மாசிக்குத் திரும்பவும் மணல்தான்.

படமெடுப்பவர்களுக்கு இது திருவிழா விருந்து. பின்னால் சூரியன், முன்னால் மஞ்சள் பூசிய முகம், நடுவில் கற்பூரப் புகை. ஆண்டுதோறும் பெரிய லென்ஸ்களோடு கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். போட்டிகளில் பரிசும் வாங்குகிறார்கள். அந்தப் படங்களில் பெரும்பாலானவற்றின் கீழே 'இருளர் பெண்', 'பழங்குடித் திருமணம்' என்றுதான் எழுதியிருக்கும். தர்ஸ்டனுக்குப் பின் நூறு வருடம் கடந்துவிட்டது, கண்ணாடித் தகடு போய் டிஜிட்டல் வந்துவிட்டது, படக்குறிப்பு மட்டும் மாறவில்லை. அன்று தாலி கட்டிக்கொண்ட ஜோடி யார், எந்த ஊர், அந்தப் படத்தின் ஒரு பிரதி அவர்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறதா? மாசி மகம் முடிந்த மறுநாள் அவர்கள் செங்கல் சூளைக்கோ அரிசி ஆலைக்கோ மரம்வெட்டுக்கோ திரும்புவது படத்தில் இல்லை. ஆரணி அரிசியும் களம்பூர் அரிசியும் மாநிலம் எங்கும் போகின்றன. வட மாவட்டங்களின் ஆலைகளிலும் சூளைகளிலும் முன்பணம் வாங்கிக் கொத்தடிமையாகச் சிக்கி மீட்கப்பட்டவர்களில் கணிசமானோர் இருளர்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல். மரபைப் படமெடுக்கிறேன் என்பவர் இதை ஒதுக்கிவிட்டால், அவர் எடுத்தது பாதி ஆளைத்தான்.

அமெரிக்காவில் எட்வர்டு கர்ட்டிஸ் இதையே பெரிய அளவில் செய்தார். 1907 முதல் 1930 வரை 20 தொகுதிகளில் செவ்விந்தியர்களைப் பதிவு செய்தவர். 1910இல் எடுத்த பீகன் இனத்தாரின் கூடாரப் படத்தில், இருவருக்கு நடுவே ஒரு கடிகாரம் இருந்தது. அச்சுக்குப் போகும்போது அதைச் சுரண்டி அழித்துவிட்டார்கள். பழங்குடி வீட்டில் கடிகாரம் இருந்தால் படம் கெட்டுவிடுமாம்! நம் ஊரில் யாரும் சுரண்டுவதில்லை. 'செல்போனைக் கீழே வைம்மா' என்று சொல்லிவிட்டு எடுக்கிறோம்.

அழிந்துபோகும் முன் எடுத்துவைக்கிறேன் என்பது ஒருவகை ஆவணம். எடுத்ததைத் திருப்பிக் கொடுத்து, விட்டுப்போனதைக் கேட்டு எழுதிக்கொள்கிறேன் என்பது இன்னொரு வகை. மரபோடு மீண்டும் சேர்த்துவைப்பது இரண்டாவதுதான் என்பது என் கருத்து. இதற்கு நல்ல முன்மாதிரி கனடாவில் இருக்கிறது. அந்நாட்டு ஆவணக் காப்பகத்தில் இனுயிட் மக்களின் பழைய படங்கள் ஏராளமாகப் பெயரில்லாமல் கிடந்தன. 2002 வாக்கில் தொடங்கிய ஒரு திட்டத்தில், இனுயிட் மாணவர்கள் அவற்றைக் கணினியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் பெரியவர்களிடம் காட்டினார்கள். இது என் அத்தை, இது பக்கத்துக் கூடாரத்துக்காரர் என்று பெயர்கள் வரத் தொடங்கின. பேரப்பிள்ளைகள் பாட்டிமாரிடம் உட்கார்ந்து பேசியதே அந்தத் திட்டத்தின் பெரிய லாபம். ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில் அனங்கு மக்கள் 1994இல் தொடங்கிய 'அரா இரிடிட்ஜா' இன்னும் ஒரு படி மேலே போனது. ஆண்கள் மட்டும் பார்க்கவேண்டிய சடங்கு எது, பெண்களுக்கு மட்டும் உரியது எது, யாராவது இறந்தால் அவர் படத்தைத் துக்ககாலத்தில் எப்படி மறைத்துவைப்பது என்பதையெல்லாம் அந்த மக்களே முடிவு செய்கிறார்கள். காட்டாமல் இருப்பதும் ஆவணத்தின் பகுதிதான் என்பது நம் அருங்காட்சியகங்களுக்கு இன்னும் எட்டாத பாடம்.

தமிழ்நாட்டில் இதற்கு நெருக்கமாக வருபவர்கள், தங்கள் மக்களைத் தாங்களே எடுப்பவர்கள். மதுரை ஜவகர்லால்புரத்தைச் சேர்ந்த எம். பழனிகுமாரின் அம்மா மீன் விற்றவர். திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்த பழனிகுமார், உழைக்கும் மக்களையே தொடர்ந்து எடுத்துவருகிறார். 2022இல் தயாநிதா சிங்–பாரி ஆவணப் புகைப்பட விருதை முதலாவதாகப் பெற்றவர் அவர்தான். விருதைவிட முக்கியம், உழைக்கும் வீடுகளின் பிள்ளைகள் கையில் கேமராவைக் கொடுத்துப் பழக்குகிறார். வாடிப்பட்டியின் ஜெய்சிங் நாகேஸ்வரன், கொரோனா ஊரடங்குக் காலத்தில் தன் குடும்பத்தையே படமெடுத்தார். ஊர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கிய அவருடைய பாட்டி பொன்னுத்தாய் அந்தப் படங்களின் வேர். அங்கே சாதி என்பது படக்குறிப்பு அல்ல, வீட்டுக்குள் நடமாடும் ஆட்களின் கதை. திருவண்ணாமலையிலேயே, அபுல் கலாம் ஆசாத்தின் ஏகலோகம் புகைப்பட அறக்கட்டளை 2014–15இல் ஓராண்டு முழுக்க நகரத்தின் அன்றாடத்தைப் பல கலைஞர்களைக் கொண்டு பதிவு செய்தது. ஆரணிக்கு அறுபது கிலோமீட்டருக்குள் நடந்த வேலை அது. மலைக்கும் தறிக்கும் அப்படியொன்று இன்னும் நடந்ததாகத் தெரியவில்லை.

படத்தோடு பெயரையும் எழுதுவது ஏதோ கனடாக்காரர்கள் கண்டுபிடித்த புதுமை என்று நினைத்துவிட வேண்டாம். இதே திருவண்ணாமலை மாவட்டத்தில், தண்டராம்பட்டுப் பக்கம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. எருமை மந்தையைக் காக்கும் சண்டையில் இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனின் உருவம் கல்லில் இருக்கிறது. எந்த அரசன் காலம், யாருடைய ஆள், எதற்காகச் செத்தான் என்ற விவரம் வட்டெழுத்தில் இருக்கிறது. அவன் காலடியில் ஒரு நாய். அந்த நாய் திருடர் இருவரைக் கடித்துத் தலைவன் பக்கத்திலேயே காவல் நின்றது என்றும், அதன் பெயர் கோவிவன் என்றும் தனியாக எழுதிவைத்திருக்கிறார்கள். ஏறத்தாழ பதினான்கு நூற்றாண்டுக்கு முன்னால் ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டிய சீமையில், 1909இல் புத்தகம் போட்டவர்களுக்கு மனிதரின் பெயரை மையால் எழுதத் தோன்றவில்லை!

செங்கம் வட்டாரத்து நடுகற்களை நாகசாமியின் பொறுப்பில் தொல்லியல் துறை 1972இல் நூலாக வெளியிட்டது. இன்றும் மாவட்டத்தின் வரலாற்று ஆர்வலர்கள் வயல்வரப்பில் கிடக்கும் கற்களைத் தேடிப்பிடித்துப் படமெடுத்து, மைப்படி எடுத்துப் படித்துச் சொல்கிறார்கள். பல கற்கள் வேடியப்பன் என்ற சாமியாக இன்னும் பொங்கல் வாங்கிக்கொண்டிருக்கின்றன. வேடரைப் பகைத்த கதையைச் சொல்லும் மலைக்கும், வேடியப்பனைக் கும்பிடும் சமவெளிக்கும் நடுவில் ஆராய்ச்சிக்கு நிறைய இடம் இருக்கிறது. அதற்குக் கேமரா நல்ல கருவி. நடுகல் ஆய்வாளர்கள் படத்தையும் இடத்தையும் பெயரையும் வழிபடும் குடும்பத்தையும் சேர்த்தே குறித்துக்கொள்கிறார்கள். பழங்குடிகளைப் படமெடுப்பவர்கள் அவர்களிடம் போய்க் கற்றுக்கொள்ளலாம்.

ஆரணித் தறிகளுக்கும் இதே அளவுகோல்தான். குழித்தறியில் உட்கார்ந்திருக்கும் முதியவர், ஜன்னல் வழியாக விழும் ஒளி, மின்னும் ஜரிகை என்று இந்தப் படம் எத்தனை காலண்டரில் வந்துவிட்டது! விடியற்காலையில் தெருநீளத்துக்குப் பாவு விரித்து, குடும்பமே இரண்டு பக்கமும் நின்று இழை சரிபார்க்கிற காட்சியையும் எடுத்துவிட்டார்கள். எடுக்காதது எது? தார் சுற்றும் பெண்ணுக்குத் தனிக்கூலி உண்டா என்பது, முதலாளியிடம் வாங்கிய முன்பணம் எழுதிய நோட்டு, தறிக்குழியில் மழைத்தண்ணீர் நின்ற வாரம், வேறு வேலைக்குக் கிளம்பிப்போன மகன் விட்டுச்சென்ற காலித் தறி. இவற்றை வெளியாள் எடுப்பதைவிட அந்த வீட்டுப் பெண் தன் செல்போனில் எடுப்பதே சரி. தேதியும் பெயரும் போட்டு அதைச் சேர்த்துவைக்க ஓர் இடம் வேண்டும், இன்று இல்லாதது அதுதான்.

செய்யக்கூடிய காரியங்கள் பெரிய செலவில்லாதவை. ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூரில் ஆண்டுதோறும் கோடை விழா நடக்கிறது. துறைக்கொரு அரங்கு வைக்கிறார்கள், மலர்க் கண்காட்சி வைக்கிறார்கள். தர்ஸ்டன் பொறுப்பிலிருந்த எழும்பூர் அருங்காட்சியகம் தன்னிடமுள்ள மலையாளி, இருளர் படங்களைப் பெரிதாக அச்சிட்டு அங்கே மாட்டட்டும். அடியில் குறிப்பு எழுதும் இடத்தைக் காலியாக விட்டு ஒரு பேனாவும் கட்டி வைக்கட்டும். பார்க்க வரும் பெரியவர்கள் ஊரையும் வம்சத்தையும் சொல்வார்கள். எல்லா முகத்துக்கும் பெயர் கிடைக்காது, நூறு வருடம் போய்விட்டதே. கிடைத்தவரை எழுதிக்கொள்ளலாம். ஆரணியிலும் போளூரிலும் பழைய ஸ்டுடியோ வைத்திருந்த குடும்பங்கள் இருக்கும். அவர்கள் பரணில் கல்யாண நெகட்டிவ்களும் பாஸ்போர்ட் அளவுப் படங்களும் டப்பாவில் கிடந்தால், கடையை இடிக்கும் நாளில் அவற்றைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். கல்லூரி மாணவர் யாரையாவது கூப்பிட்டுக் கொடுங்கள். வாங்குபவர் வேறு எதையும் செய்யாவிட்டாலும் பரவாயில்லை, படத்தில் இருப்பவர் பெயரைப் பின்பக்கம் பென்சிலால் எழுதிவைக்கட்டும்.